வெடிக்குள் சுருண்ட கடிதங்கள்

அத்தியாயம் 9

நாகஜோதிக்கு அன்று காலை இட்லி தொண்டையை விட்டு இறங்கவில்லை. மிளகாய் நெடி காரணமில்லை. விருதுநகரில் வத்தல் மண்டிக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவளுக்கு அந்த நெடி வராத நாளில்தான் சந்தேகம் வரும். காரணம், நேற்று அவள் எல்லோர் முன்னாலும் கவிழ்த்துக் கொட்டிய ஒரு துணிப்பை.

பை முனியராஜுடையது. முன்னாள் அமைச்சர் தனுஷ்கோடி வீட்டில் இருபது வருஷமாகக் கார் ஓட்டுகிறவன். அமைச்சருக்கு இப்போது எண்பத்தேழு வயது. ஊருக்கே அவர் 'அய்யா'. ஏழையோ பணக்காரனோ, யார் கடிதம் போட்டாலும் கைப்படப் பதில் போடுகிற மனுஷன் என்று பேர் வாங்கியவர். அந்தக் கடிதங்களைப் புத்தகமாகப் போடப் பேத்தி பிரீத்திகா சென்னையிலிருந்து வந்து, பரணில் கிடந்த மூட்டைகளை முனியராஜை விட்டு இறக்கிக் கார் ஷெட்டில் வைத்தாள். முதல் மூட்டையில் பெரிய பெரிய தலைவர்கள் எழுதியதெல்லாம் இருந்தது. பெண்ணுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போன மாதம் அவள் மதுரைக்குப் போய்த் திரும்பிய ஒரே பகலில், மீதி மூட்டைகள் அத்தனையும் மாயம்.

பூட்டு உடையவில்லை. சாவி இருப்பது முனியராஜிடம். "அன்னிக்கு அய்யா என்னையக் காரியாபட்டிக்கு அனுப்பிச்சாக. சாவிய அவுககிட்டக் குடுத்துட்டுத்தேன் போனேன்" என்று அவன் சொன்னான். அய்யா நெற்றியைத் தடவிக்கொண்டு, "ஞாபகம் இல்லையேம்மா, வயசாச்சு" என்றார். எண்பத்தேழு வயதுக்காரர் ஞாபகம் இல்லை என்றால் யார் மறுத்துப் பேசுவது?

நாகஜோதி போலீஸில் ஏட்டாக இருந்து விலகியவள். உத்தியோகம் போனாலும் கைப்பழக்கம் போகவில்லை. நேற்று நடுக்கூடத்தில் வைத்து அவன் பையைப் பிடுங்கிக் கொட்டினாள். அவன் மகள் ஓவியாவுக்குக் கல்யாணம் பேசிப் பூ வைக்கிற விசேஷத்துக்கு வாங்கிய ஜாக்கெட் துணி விழுந்தது. டிபன் டப்பா விழுந்து திறந்துகொண்டது. கூடவே ஒரு நீல இன்லாண்டு லெட்டர், மேலே அய்யாவின் விலாசத்தோடு. வேறென்ன சாட்சி வேண்டும்? "இது எப்படிப்பா உன் பைக்கு வந்துச்சு?" என்று கேட்டாள். அவன் உட்கார்ந்து, தரையில் சிதறிய தயிர்ச்சோற்றைக் கையால் கூட்டி அள்ளினான்.

அய்யாவுக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்த ஓவியாவுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் தாய்மாமன் நாகையா அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். "விஷயம் தெளியட்டும். பெறகு பூ வைக்கிறதப் பத்திப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். இன்று சாயங்காலத்துக்குள் கடிதங்கள் வராவிட்டால் போலீஸுக்குப் போவதாகப் பிரீத்திகாவும் சொல்லிவிட்டாள். கேஸ் முடிந்த மாதிரிதான். ஆனால் அந்தச் சோற்றை அள்ளிய கை நாகஜோதியின் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்றது.

"யக்கா, இட்லிய இப்படி மொறச்சுப் பாத்தா அது குத்தத்த ஒத்துக்கிருமா?" என்றபடி உள்ளே வந்தான் உதவியாளன் சங்கிலிமுத்து. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வாய்க்கு மட்டும் இன்னும் வயது வரவில்லை.

"ஏலே, பேசாம இரு. மனசு சரியில்ல."

"எனக்குந்தேன் சரியில்ல. இந்தக் கேஸுக்கு அட்வான்ஸ் கேட்டா, அந்தப் பெரிய மனுசன் பொன்னாடை போத்தி அனுப்பிட்டாரு. பொன்னாடைய வச்சு டீ குடிக்க முடியுமா? எம் பொண்டாட்டி அரிசி டின்னுக்கு மூடியாக் கட்டி வச்சிருக்கா."

"அது அவருக்குப் பளக்கம்லே. அந்த வீட்டுக்குள்ள ஒரு வேலையா யார் போனாலும் போத்தாம விட மாட்டாரு."

"ஆமா, கேஸ் சிலிண்டர் போட வந்தவனும் போத்திக்கிட்டுத்தேன் போனான். அவன் வேர்த்து விறுவிறுத்துப் போனதப் பாக்கணுமே!" சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜைமேல் உதறினான். "சரி, இதப் பாருங்க. நேத்து எங்க தெருவுல ஒரு எளவு. ஊர்வலத்துல வெடி போட்டாக. பின்னால நடந்து வாரேன், எஞ் சட்டையில வந்து ஒட்டிச்சு."

நீலக் காகிதத் துணுக்குகள். கூடவே வெடிக்காமல் புஸ்ஸென்று போன ஒரு குருவி வெடியின் பாதிக் குழாய். நாகஜோதி அதை நகத்தால் பிரித்தாள். உள்சுற்றில் நீலத் தாள். கோணல்மாணலான பேனா எழுத்தில், 'மாண்புமிகு அமைச்சர் தனுஷ்கோ' என்பது வரை இருந்தது.

இட்லித் தட்டு ஓரமாகப் போனது.

"சங்கிலி, லெட்டரெல்லாம் வெடிக்குப் போயிருக்குலே!"

"அதுதேன் எனக்கும் புரியல. பெரிய மனுசன் லெட்டரத் திருடுறவன், ஒண்ணு அவர மிரட்டுவான், இல்ல பத்திரிகைக்காரனுக்கு விப்பான். பளைய பேப்பர் வெலைக்கா எடைக்குப் போடுவான்?"

"விக்கிறதுக்குத் திருடுன மாதிரி தெரியல. இல்லாம ஆக்குறதுக்குத் திருடியிருக்கான்." நாகஜோதி துணுக்கைத் திருப்பிப் பார்த்தாள். "வெடியில போட்டா எரிஞ்சு போகும்னு நெனச்சிருக்கான்."

"எந்த மடப்பய நெனப்பான்? வெடி வெடிச்சா தாளு எங்க எரியுது, தெருவெல்லாம்ல பறக்குது. எங்க வீட்டுல தீவாளிக்கு மறுநா கூட்டி அள்ளுறதே எனக்கு வேல. முனியராஜும் சின்னதுல வெடி செய்யிற ஆபீஸ்ல வேல பாத்தவன்தேன, அவனுக்குத் தெரியாதா?"

சொன்னவனும் நிறுத்தினான், கேட்டவளும் நிமிர்ந்தாள். முனியராஜ் இதைச் செய்திருக்க மாட்டான். வெடி போட்ட தெருவை ஒருநாளும் கூட்டாத ஆள் எவனோ செய்திருக்கிறான். நாகஜோதியின் காது மடல் சூடானது. இந்தக் கணக்கை நேற்றே போட்டிருக்கலாமே, பையைக் கவிழ்ப்பதற்கு முன்னால்!

"வண்டிய எடு."

குருவி வெடியின் மேலட்டையில் கம்பெனி பேர் இருந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் உள்ள சின்னக் கம்பெனி. சீசன் நேரம், ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது, நின்று பேச யாருக்கும் பொழுதில்லை. "குழாயெல்லாம் வெளிய குடுத்து உருட்டி வாங்குறோம், மாரிசெல்வி வீட்டுல போய்க் கேளுங்க" என்று சூப்பர்வைசர் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாரிசெல்வி வாசல் நிழலில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். கம்பியில் தாளைச் சுற்றி, ஒரு இழுப்பு, பசை, இன்னொரு இழுப்பு. பேச்சும் அதே வேகம்தான்.

"ஏட்டம்மாவா? என்ன தாயி, குழாய் உருட்டுறதுக்கும் கேஸு வந்துருச்சா?"

"கேஸெல்லாம் இல்லக்கா. நீலத் தாளு ஒரு லோடு வந்துச்சுல்ல, அதப் பத்திக் கேக்க வந்தேன்."

மாரிசெல்வியின் கை நின்றது. "அத ஏன் கேக்குறீக! பேப்பருன்னா விரிச்சாப்புல வரும், அப்பிடியே வெட்டி உருட்டுவேன். இது அம்புட்டும் ஒட்டுனபடியே வந்துச்சு. இன்லாண்டு லெட்டரு, மூணு பக்கமும் பசை. ஒவ்வொண்ணாக் கத்தி விட்டுக் கீறித்தேன் விரிச்சேன்."

"எல்லாமே ஒட்டுனதா?"

"ஒண்ணுகூடப் பிரிக்கல. தபால்ல வழியிலயே நின்னு போச்சோன்னு பாத்தா, விருதுநகரு வந்து சேந்த முத்திரையும் குத்தியிருக்கு. வந்து சேந்த லெட்டர யாரு தாயி பிரிக்காம வப்பாக?"

"படிச்சீகளாக்கா?"

"நாலஞ்சு படிச்சேன்." அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் நம்மளப் போல சனம் எழுதுனது. தண்ணி வரல, புருசனக் காணல, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேணும்னு. அதுக்குப் பெறகு கையி ஓடல. உருட்டுனமட்டும் உருட்டிட்டேன், அந்தப் பாவம் எனக்கும் உண்டுதேன். மிச்சம் அரை மூட்ட அங்கன கெடக்கு. எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

நாகஜோதி கைப்பையைத் திறந்து, நேற்று முனியராஜிடமிருந்து பறிமுதல் செய்த நீலக் கடிதத்தை எடுத்தாள். எடுத்து ஓரங்களைத் தடவினாள். மூன்று பக்கமும் கெட்டியாக ஒட்டியிருந்தது. பெரிய துப்பறியும் புலி! விலாசத்தைப் பார்த்தாள், பசையைப் பார்க்கவில்லை. திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது திருப்பினாள். பின்பக்கம் அனுப்பியவர் பேர் இருந்தது: கருப்பம்மாள்.

சங்கிலிமுத்து எட்டிப் பார்த்தான். அவன் குரல் இறங்கிவிட்டது. "யக்கா, முனியராஜோட ஆத்தா பேரு கருப்பம்மா. செத்து நாலு வருசமாச்சு."

பரணிலிருந்து மூட்டைகளை இறக்கும்போது இது கீழே விழுந்திருக்கிறது. செத்துப்போன தாயின் கடிதம் பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்து எடுத்துப் பைக்குள் வைத்திருக்கிறான். நேற்று அதைச் சொல்லியிருந்தால், அய்யா கடிதத்தையே பிரிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த மனுஷனைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்! நாகஜோதிக்கு அந்த வாசலிலேயே தலையைக் குனிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இந்தப் பேப்பர ஒங்களுக்குக் கொண்டாந்தது யாரு?"

"விருதுநகருல பளைய பேப்பர் வாங்குற கண்ணுச்சாமி. நேரா இங்கனயே வந்து எறக்கிட்டான். கம்பெனிக்குக் குடுத்தா வெடிக்குப் போடாம வேற எடத்துக்கு மாத்திருவாகளாம்."

கண்ணுச்சாமி ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் மூன்று சக்கர வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதுமே கிளாஸை வைத்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. வாசல்ல மூட்டையாக் கெடந்துச்சு, எடுத்துக்கன்னு யாரோ சொன்னாக. எடுத்தேன். ஆளு மொகம் ஞாபகம் இல்ல."

ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நாகஜோதி அவருடைய வண்டியைப் பார்த்தாள். சீட்டின் கிழிசல் தெரியாமலிருக்க, அதன்மேல் ஒரு துணியை நாலாக மடித்துப் போட்டிருந்தார். பச்சைப் பட்டு நூல், மூன்று விரல் அகலத்துக்கு ஜரிகை. வெயில் பட்டு அது பளபளத்தது.

சங்கிலிமுத்துவும் பார்த்துவிட்டான். "ஏன் அண்ணாச்சி, அந்த மொகம் தெரியாத யாரோ ஒமக்குப் பொன்னாடையும் போத்தி அனுப்பிச்சாகளாக்கும்?"

கண்ணுச்சாமி துணியை இழுத்து மறைக்கப் பார்த்தார். பாதி இழுத்துவிட்டு அப்படியே விட்டார். "சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்மா. அம்புட்டுப் பெரிய மனுசன் எங் கையப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாக. வடைக்கடைக்குக் குடுத்துறாத, மடிச்ச தாள எவனாச்சும் படிச்சிருவான், வெடிக்குக் குடு, எரிஞ்சு சாம்பலாப் போகட்டும்னாக. மூட்டையெல்லாம் ஏத்தி முடிச்சுக் கெளம்புறேன், ஏ நில்லுப்பான்னு கூப்பிட்டு இதப் போத்திவிட்டாக."

சங்கிலிமுத்து சிரிக்க வாயைத் திறந்தான். நாகஜோதியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

தன் வீட்டுப் பொருளைத் தானே திருட்டுத்தனமாகக் கொடுக்கிறவர், அதைத் தூக்கிப் போகிற ஆளுக்கும் மரியாதை செய்து அனுப்பியிருக்கிறார். ஐம்பது வருஷப் பழக்கம், நெஞ்சு படபடக்கிற நேரத்திலும் கை தானாகச் செய்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் கையும் அப்படித்தானே நேற்று அந்தப் பையைக் கவிழ்த்தது?

"அண்ணாச்சி, இத நான் கொஞ்சம் எடுத்துக்கிறேன். சத்தியத்த நீங்க மீறல. நான் கண்ணால பாத்ததச் சொல்லிக்கிறேன்" என்று அந்தப் பொன்னாடையை வாங்கிக்கொண்டாள். பிறகு போனை எடுத்து நாகையாவைக் கூப்பிட்டாள். "நேத்து நீங்க நின்ன அதே எடத்துல இன்னிக்குச் சாயந்திரமும் வந்து நிக்கணும். தயவு பண்ணி வாங்க."

சாயங்காலம் அய்யா வீட்டுக் கூடத்தில் நேற்று இருந்த அதே ஆட்கள். முனியராஜ் தூணோரம் நின்றான். நாகையாவை உட்காரச் சொன்னார்கள், அவர் உட்காரவில்லை. பிரீத்திகா போலீஸுக்குப் போகக் கார் சாவியோடு தயாராக இருந்தாள். அய்யா வெள்ளை வேட்டி சட்டையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜையில் வருகிறவர்களுக்குப் போர்த்த அடுக்கி வைத்த பொன்னாடைகள்.

"என்னம்மா, கெடச்சுதா?" என்றார்.

சங்கிலிமுத்து அரை மூட்டையைத் தரையில் இறக்கினான். பிரீத்திகா பாய்ந்து வந்து கையை விட்டு அள்ளினாள். ஒன்றைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள். "இதெல்லாம் ஏன் ஒட்டியே இருக்கு?"

நாகஜோதி கண்ணுச்சாமியின் சீட்டில் கிடந்த பச்சைப் பொன்னாடையை எடுத்து, அந்த அடுக்கின் மேல் வைத்தாள். அடியில் இருந்ததும் பச்சைதான். அதே ஜரிகை, அதே கரை.

"பேப்பர் வாங்க வந்தவரு வண்டியில கெடந்துச்சுங்கய்யா."

அய்யா அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியில் சரிந்தது.

"அவன எதுவும் சொல்லாதீக" என்றான் முனியராஜ் சட்டென்று. "பேப்பர்காரன் பாவம். அய்யாவுக்கும் ஒடம்பு சரியில்ல. இத்தோட விடுங்கக்கா, நான் எடுத்ததாவே இருந்துட்டுப் போகுது."

"இருந்துட்டுப் போகக் கூடாது" என்றார் அய்யா. குரல் கரகரத்தது. "நான்தான் போட்டேன். அன்னிக்கு அவன் சாவிய எங்கிட்டத்தான் குடுத்துட்டுப் போனான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

பிரீத்திகா கையிலிருந்த கடிதங்களைக் கீழே வைத்தாள்.

"பதவிக்கு வந்த மொத வருசம் எல்லாத்துக்கும் எழுதுனேன், அது நெசம். அப்புறம் மூட்ட மூட்டையா வந்துச்சு. பெரிய எடத்துக் கடுதாசின்னா அன்னிக்கே பதில் போட்டேன். இதையெல்லாம் நாளைக்குப் பாப்போம்னு வச்சேன். வைக்க வைக்க, பிரிக்கவே பயம் வந்துருச்சும்மா. பிரிச்சுட்டா, அவுக கஷ்டமெல்லாம் தெரிஞ்சும் சும்மா இருந்தவனா ஆயிருவேனே. நீ புத்தகம் போடுறேன்னு வந்து நின்னப்ப..." பேத்தியைப் பார்த்துச் சொன்னவர் முடிக்கவில்லை.

பிரீத்திகா எழுந்து நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "அது போகட்டும் தாத்தா. நேத்து இவர் பையக் கொட்டுனப்ப நீங்க இந்த நாற்காலியிலதான இருந்தீங்க? பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

அய்யா தடுமாறி எழுந்தார். முனியராஜைப் பார்த்து ஒரு எட்டு வைத்தார். அப்போது அவருடைய வலது கை, அவருக்கே தெரியாமல், மேஜைக்குப் போய் ஒரு பொன்னாடையை எடுத்துவிட்டது. எடுத்து விரித்தும் விட்டது.

முனியராஜ் பின்னால் நகர்ந்தான். "வேணாங்கய்யா."

விரித்த பொன்னாடையோடு அவர் நின்றார். அதைப் பார்க்க நாகஜோதிக்கே கூசியது. அவள் நேற்று பறித்த நீலக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முனியராஜிடம் போனாள்.

"முனியராஜ், தப்பு எம் பேர்லதான். விசாரிக்காம ஒன்னைய நாலு பேர் முன்னால கேவலப்படுத்திட்டேன். அதே நாலு பேர் முன்னால கேக்கேன், மன்னிச்சிரு."

அவன் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். நாகையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நானுந்தேன் சம்பந்தி. நேத்து செருப்ப மாட்டியிருக்கக் கூடாது. நாளைக்கு எங்க வீட்டாளுக பூவோட வாராக" என்றார். முனியராஜுக்கு முகம் லேசாக மலர்ந்தது. ஆனால் அவன் கண் கடிதத்தை விட்டு எடுபடவில்லை. அதைக் கொண்டுபோய் அய்யாவிடம் நீட்டினான்.

"இப்பப் படிக்கிறேன்ப்பா. இப்பவே பதில் சொல்றேன்" என்று அய்யா அவசரமாக வாங்கி ஓரத்தைக் கிழிக்கப் போனார்.

"பிரிக்க வேணாங்கய்யா. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், நாந்தேன் எழுதுனேன். எங்கப்பா வெடி விபத்துல செத்த வருசம். எனக்குப் பத்து வயசு. ஆஸ்டல்ல சேத்துவிடச் சொல்லி அம்மா சொல்லச் சொல்ல எழுதுனேன். பதிலே வரல. அய்யா எல்லாருக்கும் பதில் போடுறவுக, நீதேன் விலாசத்தத் தப்பா எழுதித் தொலச்சுட்டன்னு அம்மா அழுதா. சாகுறமட்டும் அதச் சொல்லிக்கிட்டுத்தேன் இருந்தா. நானும் அப்பிடித்தேன் நெனச்சிருந்தேன்." அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "மேல இருக்குற விலாசத்த மட்டும் சத்தமாப் படிங்க."

அய்யா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஒரு சின்னப் பையனின் பெரிய பெரிய எழுத்து. தன் பேரை, தன் தெருவை, தன் ஊரை ஒவ்வொன்றாகப் படித்தார். படித்து முடித்ததும் நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை.

"சரியா இருக்காங்கய்யா?"

"சரியாத்தான் இருக்கு" என்றார் அய்யா.